கடலை உடைக்கும் கைக்கருவி: ஓடு உடைய வேண்டும், பருப்பு உடையக் கூடாது

ஒரு ஏக்கரில் நிலக்கடலை விதைக்க 50 முதல் 55 கிலோ விதைப்பருப்பு வேண்டும். நன்றாக விளைந்த காயில் நூற்றுக்கு 70 பங்கு பருப்பு தேறும் என்று வைத்துக் கொண்டால், இதற்காக 75 கிலோ காயை உடைத்தாக வேண்டும். கையால் உரித்தால் ஓர் ஆள் மணிக்கு ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ பருப்பு வரை எடுக்க முடியும். ஒன்றரை கிலோ என்று கணக்குப் போட்டாலும் 35 மணி நேரம் ஆகிறது. அதாவது, வேறு வேலை எதுவும் பார்க்காமல் ஓர் ஆளுக்கு ஐந்து நாள் வேலை.

இந்த ஐந்து நாளை எப்போது வேண்டுமானாலும் செய்து முடித்து வைக்க முடியுமா என்றால், அதுவும் முடியாது. காயாக இருக்கும் வரைதான் கடலை விதைக்குப் பாதுகாப்பு. உடைத்த பருப்பை வைத்திருக்க வைத்திருக்க முளைப்புத் திறன் குறைந்து கொண்டே போகும். ஆகவே விதைப்புக்கு ஒரு வாரத்துக்கு உள்ளாகத்தான் உடைக்க வேண்டும். மானாவாரிக் கடலை போடுபவருக்கு அந்த ஒரு வாரம் எது என்று வானம்தான் சொல்ல வேண்டும். மழை பெய்து, உழுது, மண்ணில் ஈரம் இருக்கும்போது விதை கையில் இல்லாவிட்டால் பட்டம் தவறிவிடும். ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் மழை பெய்கிறது. எல்லோர் வீட்டிலும் ஒரே நாளில் காய் உரிக்க ஆள் தேவைப்படுகிறது.

அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. பகலில் வயல் வேலை, இரவில் விளக்கடியில் காய் உரிப்பு. இரண்டாம் நாளே கட்டைவிரல் புண்ணாகிவிடும். விரல் வலிக்கு அஞ்சிப் பல்லால் கடித்து உடைப்பவர்களும் உண்டு. காயைத் தண்ணீரில் நனைத்து ஓட்டை மெதுவாக்கிக் கொள்பவர்களும் உண்டு. நனைப்பதால் வரும் கேட்டைப் பிறகு பார்க்கலாம்.

இதற்கு மாற்றாகக் கடலை உடைக்கும் கைக்கருவி நெடுங்காலமாகவே இருக்கிறது. பல ஊர்களில் யாராவது ஒருவர் வீட்டில் ஒன்று இருக்கும். ஆனால் அது பரணில் இருக்கும், அல்லது மாட்டுக் கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பருப்பெல்லாம் ரெண்டாப் போயிடுது." இந்தக் குறை உண்மையானதே. ஆனால் குறை முழுவதும் கருவியைச் சேர்ந்ததல்ல. சல்லடையின் துளையையும், இடைவெளியையும், காயின் பக்குவத்தையும் சரி செய்து கொண்டால், பரணில் கிடக்கும் அதே கருவி நன்றாக வேலை செய்யும்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

நம் நாட்டில் வழக்கத்தில் உள்ள கைக்கருவியின் அமைப்பு எளிமையானது. இரும்புச் சட்டத்தின் நடுவே தொட்டில் போல அரை வட்டமாக வளைத்த ஒரு சல்லடை. அதில் நீளவாட்டில் துளைகள். சல்லடைக்கு மேலே, அச்சில் தொங்கிக் கொண்டு ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் போய்வரும் ஒரு கட்டை. அதன் அடியில் பல் வைத்த வார்ப்பிரும்புத் துண்டுகள். கைப்பிடியைத் தள்ளி இழுத்தால் கட்டை ஆடுகிறது. சல்லடைக்கும் பல்லுக்கும் இடையே காய் சிக்கி நசுங்குகிறது. ஓடும் பருப்பும் துளை வழியே கீழே விழுகின்றன. பின்னர் முறத்தில் புடைத்தோ, காற்றில் தூற்றியோ ஓட்டைப் பிரிக்க வேண்டும்.

போபாலில் 1976-ல் தொடங்கிய மத்திய வேளாண்மைப் பொறியியல் நிறுவனம் இந்த வகையில் நின்றுகொண்டு இயக்கும் கருவி, உட்கார்ந்துகொண்டு இயக்கும் சிறிய கருவி இரண்டையும் வடிவமைத்திருக்கிறது. சிறிய கருவி மணிக்கு ஏறக்குறைய 30 கிலோ காய் உடைக்கும். நின்று இயக்கும் கருவி அதைப் போல இரண்டு பங்கு உடைக்கும். அப்படியானால் ஓர் ஏக்கர் விதைக்கான 75 கிலோ காயைச் சிறிய கருவியில்கூட ஒரே நாளில், புடைத்து எடுப்பது உட்பட முடித்துவிடலாம்.

பல் காயை உடைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. காயும் காயும் ஒன்றோடொன்று உரசியும், சல்லடை விளிம்பில் தேய்ந்தும்தான் பெரும்பகுதி ஓடு பிளக்கிறது. ஆகவே சல்லடையில் கைப்பிடி அளவு காயைப் போட்டு வேகமாக ஆட்டினால், உரசுவதற்குக் காய் இல்லாமல் பல் நேராகப் பருப்பின் மேல் போய் அடிக்கும். வாய் வரை நிரப்பினாலோ கட்டை நகராது. நடுவில் மாட்டிய பருப்பு கீழே இறங்க வழியின்றி மறுபடி மறுபடி அரைபடும். சல்லடையின் அடிப்பகுதி மூடி, கட்டைக்கு அடியில் ஓர் அடுக்கு காய் இருக்கும்படி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கொண்டே ஆட்டுவதுதான் முறை. ஒருவர் ஆட்ட, ஒருவர் காய் போட என்று இரண்டு பேர் நின்றால் வேலை சீராக நடக்கும்.

துளையும் இடைவெளியும்

பருப்பு உடைவதற்கு முதல் காரணம் சல்லடைத் துளை. துளை சிறுத்தால் உரிந்து வந்த பருப்பு கீழே விழாமல் உள்ளேயே நின்று அடிவாங்கும். துளை பெருத்தால் உடையாத காயே நழுவி விழும். கடையில் வாங்கும் கருவியோடு ஒரே ஒரு சல்லடைதான் வரும். அது எந்த ரகத்தை நினைத்துச் செய்யப்பட்டது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-ல் வந்த டி.எம்.வி. 2, பின்னால் வந்த டி.எம்.வி. 7 போன்றவற்றுக்குச் சிறிய பருப்பு. ஜே.எல். 24 போன்றவற்றின் பருப்பு பெரிது. சிறு பருப்புக்கு ஏற்ற சல்லடையில் பெரும் பருப்புக் கடலையைப் போட்டால் இரண்டாகப் போகாமல் என்ன செய்யும்?

தன் கடலைக்கு என்ன துளை வேண்டும் என்பதை உழவரே கண்டுபிடிக்கலாம். கையால் உரித்த முழுப் பருப்பில் கண்ணை மூடிக் கொண்டு பத்தை எடுத்து, பக்கவாட்டில் ஒட்டினாற்போல் அடுக்கி, பள்ளிப் பிள்ளையின் அளவுகோலால் அளந்தால் போதும். எட்டு சென்டிமீட்டர் வந்தால் ஒரு பருப்பின் சராசரிப் பருமன் 8 மில்லிமீட்டர். அந்தக் குவியலிலேயே பருத்த பருப்பு நாலைந்தையும் தனியே அளந்து, அது தாராளமாக விழுகிற அளவுக்குத் துளையின் அகலம் இருக்க வேண்டும். அதேபோல் சிறிய காய் பத்தை அடுக்கி அளந்து, துளை அதைவிடக் குறுகலாக இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ள வேண்டும். இந்த இரண்டு அளவையும் ஒரு சீட்டில் எழுதிப் பட்டறைக்குக் கொண்டு போனால், சல்லடையை மட்டும் புதிதாக வளைத்துத் தரச் சொல்லலாம். சல்லடை கழற்றி மாட்டும்படி போல்ட் வைத்திருந்தால் இரண்டு ரகத்துக்கு இரண்டு சல்லடை வைத்துக் கொள்ளலாம். பற்றவைத்துவிட்ட சல்லடையுள்ள கருவியை வாங்கவே கூடாது.

துளை வெட்டிய தகட்டில் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பிசிறாகவும் இருக்கும். பிசிறுள்ள பக்கம் மேலே வந்துவிட்டால் பருப்பின் தோலைக் கிழித்துக் கொண்டே இருக்கும். பட்டறையில் அவசரத்தில் இதைப் பார்க்காமல் வளைத்து விடுவதுண்டு. விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் அரம் போட்டுத் தேய்த்துக் கொள்ள வேண்டும்.

அடுத்தது இடைவெளி. பல்லுக்கும் சல்லடைக்கும் நடுவில் உள்ள தூரம் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அச்சு தேய்ந்து ஆட்டம் கொடுத்தாலோ, சல்லடை ஒரு பக்கம் அமுங்கியிருந்தாலோ ஒரு ஓரத்தில் காய் உடையாது, மறு ஓரத்தில் பருப்பு பொடியாகும். பழைய கருவிகளில் மிகுதியாகக் காணும் கோளாறு இதுதான். அச்சுத் துளையில் புதிய புஷ் போட்டாலே பாதிக் குறை நீங்கிவிடும்.

இடைவெளியைக் கூட்டிக் குறைக்க, கட்டை தொங்கும் கம்பியிலோ சல்லடை உட்காரும் சட்டத்திலோ நீளத் துளை போட்டு, போல்ட் வைத்து, ஏற்றி இறக்க வழி செய்து கொள்ளலாம். அந்த வசதி இல்லாத கருவியில் சல்லடைக்கு அடியில் வாஷர் கொடுத்து உயர்த்தலாம். எப்போதும் அதிக இடைவெளியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருவதே நல்லது. முதல் தடவையிலேயே எல்லாக் காயும் உடைந்துவிட வேண்டும் என்று இறுக்கி வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நூற்றுக்குப் பத்து காய் உடையாமல் வந்தால் குடி முழுகிவிடாது. அதைப் பொறுக்கி மறுபடி போடலாம். உடைந்த பருப்பை ஒட்ட வைக்க முடியாது.

பெரிய காயும் சிறிய காயும் கலந்து கிடந்தால் எந்த இடைவெளியும் இரண்டுக்கும் பொருந்தாது. ஆகையால் உடைக்கும் முன் காயை ஒரு சல்லடையில் சலித்து இரண்டாகப் பிரித்துக் கொள்ள வேண்டும். பெரிய காயை முதலில் உடைத்துவிட்டு, பிறகு இடைவெளியைக் குறைத்துச் சிறிய காயைப் போடலாம். சலிக்கும்போதே மண்ணும் கல்லும் போய்விடும், பொக்குக் காயையும் எடுத்துவிடலாம். சிறு கல் ஒன்று பல்லில் மாட்டினால் சுற்றியுள்ள பருப்பெல்லாம் சேதமாகும்.

ரப்பர்ப் பல்

வார்ப்பிரும்புப் பல்லுக்குப் பதில் ரப்பர்த் துண்டு வைப்பது விதைக்குக் காய் உடைப்பவர்களுக்கு மிகவும் உதவும். ரப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். ஓட்டை நசுக்கும், பருப்பை விட்டுவிடும். தேய்ந்த லாரி டயரிலிருந்து வெட்டிய தடித்த துண்டே இதற்குப் போதும். கட்டையின் அடியில் இரும்புப் பல்லைக் கழற்றிவிட்டு, அந்த போல்ட் துளையிலேயே ரப்பரை மாட்டலாம். போல்ட்டின் தலை ரப்பருக்கு உள்ளே பதிந்திருக்க வேண்டும். வெளியே துருத்திக் கொண்டிருந்தால் இரும்புப் பல் இருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. டயரில் சில வகைகளுக்குள் மெல்லிய கம்பி ஓடும். கம்பி வெளியே தெரியாத பகுதியாகப் பார்த்து வெட்ட வேண்டும். ரப்பர் தேயும், தேயத் தேய இடைவெளி கூடும். பருவத்துக்கு ஒரு தடவை பார்த்து மாற்றிக் கொள்ள வேண்டியதுதான்.

மாலி நாட்டுச் சிமெண்டுக் கருவி

இரும்புப் பட்டறையே பக்கத்தில் இல்லாத ஊருக்கு என்ன வழி? இந்தக் கேள்விக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு விடை கிடைத்திருக்கிறது. 2001-ல் ஜாக் பிராண்டிஸ் என்பவர் ஒரு கிராமத்தின் தண்ணீர் வசதியைப் பழுது பார்க்க மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள மாலி நாட்டுக்குப் போனார். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வில்மிங்டன் நகரில் வசிப்பவர். அங்கே பெண்கள் விரல் புண்ணாகக் கடலை உரிப்பதைப் பார்த்தவர், மலிவான கருவி ஒன்று தேடித் தருவதாகச் சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். கடலைக்குப் பேர் போன நாடாயிற்றே, அமெரிக்காவில் அப்படி ஒன்று சுலபமாகக் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். தேடிப் பார்த்தால் எல்லாம் பெரிய மில்லுக்கான இயந்திரங்கள். சிறு விவசாயிக்கானது ஒன்றும் இல்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கடலை நிபுணர் ஒருவர், பல்கேரியா நாட்டில் இருந்த ஒரு கருவியின் வடிவத்தைப் பற்றி அவருக்குச் சொன்னார். அதை வைத்துக் கொண்டு சிமெண்டுக் காரையால் தாமே ஒரு கருவியைச் செய்தார் பிராண்டிஸ்.

நம் ஆட்டுக்கல்லைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கருவியைப் புரிந்து கொள்வது எளிது. வெளியே சிமெண்டால் ஒரு கூடு. உள்ளே, மேலே சிறுத்துக் கீழே பருத்த ஒரு சிமெண்டுக் குழவி. குழவியின் நடுவில் இரும்புக் கம்பி, அதன் மேல்முனையில் சுற்றும் கைப்பிடி. கூட்டுக்கும் குழவிக்கும் உள்ள இடைவெளி மேலே அகலம், கீழே போகப் போகக் குறுகல். மேலே காயைக் கொட்டிச் சுற்றினால், ஒவ்வொரு காயும் தன் பருமனுக்கு ஏற்ற இடம் வரை இறங்கி, அங்கே உருண்டு உடைகிறது. பருப்பு ஓட்டை விடச் சிறியதாகையால் தப்பிக் கீழே விழுகிறது. மணிக்குச் சுமார் 50 கிலோ உடைக்கலாம். வேண்டியவை சிமெண்ட், மணல், கொஞ்சம் இரும்புச் சாமான்கள், வார்க்க ஓர் அச்சு ஆகியவைதான். அச்சு ஒன்று இருந்தால் அதே அச்சில் எத்தனை கருவி வேண்டுமானாலும் வார்த்துக் கொள்ளலாம்.

நல்ல யோசனைதான். ஆனால் வார்த்துப் பார்க்க விரும்புவோர் ஒன்றை மறக்கக் கூடாது. கம்பி குழவியின் நட்ட நடுவில், நேர்குத்தாக நிற்க வேண்டும். அரை விரற்கடை விலகினாலும் ஒரு பக்கம் நெருக்கமும் மறுபக்கம் அகலமும் ஆகிவிடும். நெருங்கிய பக்கத்தில் பருப்பு பிளக்கும், அகன்ற பக்கத்தில் காய் அப்படியே இறங்கும். வார்த்த சிமெண்டை நன்றாக நீர் ஊற்றிக் கெட்டியாக்காவிட்டால் மணல் உதிர்ந்து பருப்போடு கலக்கும். விதைக்கானால் பாதகமில்லை, தின்பதற்கும் செக்குக்கும் ஆகாது. வார்த்த புதிதில் ஓட்டையும் பொக்கையும் போட்டுச் சிறிது நேரம் சுற்றினால் சொரசொரப்பு மட்டுப்படும்.

காயின் பக்குவம்

கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் காய் பக்குவமாக இல்லாவிட்டால் பயனில்லை. ஈரக் காயில் ஓடு வளைந்து கொடுக்கும், உடையாது. உள்ளே பருப்பு பருத்து ஓட்டை ஒட்டிக் கொண்டிருக்கும். அமுக்குகிற அமுக்கெல்லாம் பருப்பின் மேல் போகும். நன்றாகக் காய்ந்தால் பருப்பு சுருங்கி ஓட்டை விட்டு விலகி நிற்கும். ஆட்டிப் பார்த்தால் கலகலவென்று ஓசை கேட்கும். அதுதான் பக்குவம். அதற்கு மேலும் சித்திரை வெயிலில் போட்டு முறுக விட்டால் பருப்பு மொறமொறப்பாகிவிடும். விரலால் தேய்த்த மாத்திரத்தில் தோல் கழன்று வந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட பருப்பு தொட்டாலே இரண்டாகும். காயில் நூற்றுக்கு 8, 9 பங்கு ஈரம் என்பதே சேமிப்புக்கும் உடைப்புக்கும் ஏற்ற நிலை. கோடையில் அறுவடையாகும் இறவைக் கடலையை விதைக்கு எடுப்பவர்கள் நடுப்பகல் வெயிலில் காயப் போடாமல் இருப்பது முளைப்புத் திறனுக்கும் நல்லது. காலையிலும் மாலையிலும் காய வைத்தால் போதும். வெயிலில் இருந்து அள்ளிய சூட்டோடு உடைக்காமல் நிழலில் ஆறவிட்டு மறுநாள் காலையில் உடைப்பது நல்லது.

முறுகிய காய் உடையும்போது பருப்பு பிளக்கிறதே என்று தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இருக்கிறது. மில்களில் இது வெகுகாலப் பழக்கம். ஓடு மெதுவாகும், பருப்பு சற்றே இளகும், உடைவது குறையும் என்பது உண்மை. எடையும் கொஞ்சம் கூடும். அந்த ஆசையும் இதற்குள் இருக்கிறது. ஆனால் அந்த ஈரத்தில்தான் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பச்சைப் பூசணம் பிடிக்கிறது. அது உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டு போயின. பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைத் தீவனத்தில் கலந்ததே காரணம் என்று ஆராய்ந்து கண்டபோதுதான் இந்த நஞ்சு உலகுக்குத் தெரிய வந்தது. ஈரலைக் கெடுக்கும் இந்த நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் போகாது. எண்ணெய் ஆட்டிய பிறகும் பிண்ணாக்கில் தங்கி மாட்டுக்குப் போகும், மாட்டிலிருந்து பாலுக்கும் வரும். ஐரோப்பிய நாடுகள் நேரடியாக உண்ணும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் வரைதான் இதை அனுமதிக்கின்றன. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டிலும் இதே கதைதான். அங்கே விரல் வலிக்கு அஞ்சிக் காயை நனைத்து உரிக்கும் வழக்கம் இருந்தது. நஞ்சு மிகுவதற்கு அது ஒரு காரணம் என்று கண்டவர்களில், ஐதராபாத் அருகே பதஞ்செருவில் 1972-ல் அமைந்த பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தாரும் உண்டு. உலர்ந்த காயை அப்படியே உடைக்கும் கைக்கருவி இருந்தால் நனைக்கும் தேவையே இல்லை என்பதால், அங்கே கருவிகளைப் பரப்ப முயற்சி எடுத்தார்கள். கைக்கருவி ஆள் கூலியை மிச்சப்படுத்துவதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டியதில்லை.

ஐந்து கிலோ சோதனை

கருவி சரியாக இருக்கிறதா என்பதை வாய்ப்பேச்சில் தீர்மானிக்கக் கூடாது. வாங்கும்போதும், சல்லடை மாற்றிய போதும், ரகம் மாறும்போதும் ஒரு சிறு சோதனை செய்து பார்க்க வேண்டும். ஐந்து கிலோ காயை எடை போட்டு உடைத்து, வந்ததை நாலாகப் பிரிக்க வேண்டும்: முழுப் பருப்பு, உடைந்த பருப்பு, உடையாத காய், ஓடு. ஐந்து கிலோ காய் எல்லாம் உடைந்தால் ஏறக்குறைய மூன்றரை கிலோ பருப்பு வரும். அதில் உடைந்தது 175 கிராம் என்றால் நூற்றுக்கு ஐந்து. அதற்குள் இருந்தால் கருவி நல்ல நிலையில் இருக்கிறது. 500 கிராமுக்கு மேல் போனால் இடைவெளியை அதிகமாக்கி இன்னொரு ஐந்து கிலோ போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஏக்கர் விதைக்கு உடைக்கும் 75 கிலோ காயில், நூற்றுக்கு ஐந்து என்றால் இரண்டரை கிலோ சொச்சம் வீண். பதினைந்து என்றால் எட்டு கிலோ.

வீண் என்றால் விதைக்கு வீண் என்று பொருள். உடைந்த பருப்பைச் செக்குக்கோ சமையலுக்கோ உடனே பயன்படுத்திக் கொள்ளலாம். வைத்திருந்தால் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் புழுவும் முதலில் அதில்தான் விழும். முழுப் பருப்போடு கலந்து வைத்தால் அதற்கும் பரவும்.

விதைக்கு உடைக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற உடைசலைப் பார்த்தால் மட்டும் போதாது. பருப்பின் கூர்மையான முனையில்தான் முளைக்கரு இருக்கிறது. பருப்பு பிளக்காமலேயே அந்த முனையில் அடிபட்டிருக்கலாம். மேல்தோல் கிழிந்த பருப்பு மண்ணில் எளிதாக அழுகும். பல ஆண்டுகளாக வேளாண்மைத் துறையினர் விதைக்குக் கையால் உரிப்பதே மேல் என்று சொல்லி வருவது இதனால்தான். அந்த யோசனையில் தவறில்லை. ஆனால் ஆள் கிடைக்காத ஊரில் அதைச் சொல்லி என்ன பயன்?

தன் கருவி விதைக்கு ஆகுமா, ஆகாதா என்பதை உழவர் தாமே முளைப்புச் சோதனை செய்து முடிவு செய்யலாம். ஒரே மூட்டைக் காயிலிருந்து கையால் உரித்த நல்ல பருப்பு 100, கருவியில் உடைத்த நல்ல பருப்பு 100 எடுத்து, இரண்டு தட்டில் ஈர மணலில் ஒரே ஆழத்தில் தனித்தனியே ஊன்றி, மணல் காயாமல் தண்ணீர் தெளித்து வர வேண்டும். பத்தாம் நாள் நல்ல நாற்றுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். உதாரணமாக, கையால் உரித்ததில் 88, கருவியில் உடைத்ததில் 80 என்று வந்தால், கருவி விதையை நூற்றுக்குப் பத்து பங்கு கூடுதலாகப் போட்டு ஈடுகட்டலாம். ஏக்கருக்கு ஐந்து கிலோ பருப்பு கூடுதலாகச் செலவாகும். அந்த ஐந்து கிலோவின் விலையையும், ஐந்து ஆள் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். கருவியில் உடைத்தது 70-க்குக் கீழே போனால் அதை விதைக்கக் கூடாது. சான்று விதைக்கே 70 தான் குறைந்த அளவு. கையால் உரித்ததும் அதே மாதிரி குறைந்திருந்தால் குற்றம் கருவியில் இல்லை, விதையில். இந்தச் சோதனையை மழைக்கு மூன்று வாரம் முன்னதாகவே செய்துவிட்டால், வேறு விதை தேடவும் நேரம் இருக்கும்.

உடைத்த விதையை அள்ளிப் பரப்பி, தோல் கிழிந்தது, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்க வேண்டும். பொறுக்குவது உட்கார்ந்து செய்கிற வேலை, விரல் வலிக்காது. வீட்டில் வயதானவர்கள்கூடச் செய்வார்கள்.

ஆளுக்கு ஏற்ற கருவி

கைப்பிடியின் உயரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆட்டுபவர் நிமிர்ந்து நின்றால் கைப்பிடி முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். அதற்கு மேல் போனால் தோள் நோகும், தாழ்ந்தால் இடுப்பு நோகும். ஆண்கள் உயரத்துக்குச் செய்த கருவியைப் பெண்கள் இயக்கும்போது அடியில் ஒரு பலகை போட்டு நிற்பது எளிய வழி. கைப்பிடிக் குழாயைத் துளை போட்டு ஏற்றி இறக்கும்படி செய்தால் இன்னும் நல்லது. கருவியின் கால் தரையில் நகர்ந்தால் பாதி பலம் அதைப் பிடித்து நிறுத்தவே போய்விடும். நாலு காலையும் ஒரு பலகையில் போல்ட் போட்டு இறுக்கி, பலகையின் மேல் ஆட்டுபவரே நிற்கலாம். அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாற்றிக் கொண்டால் களைப்பு தெரியாது. ஓட்டுத் தூசியில் பூசணமும் இருக்கும். மூக்கில் துணி கட்டிக் கொள்வது அவசியம். சிலர் ஓட்டை ஊதித் தள்ளக் காற்றாடி ஒன்றையும் கருவியில் சேர்க்கிறார்கள். மோட்டார் இருந்தால் சரி. கையால் சுற்றும் கருவியில் அது இன்னொரு சுமை. ஒரு முறமும் மாலைக் காற்றும் இருந்தால் போதும்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு கருவி தேவையில்லை. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம், மகளிர் குழுவும் வாங்கி வாடகைக்கு விடலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் மழை பெய்யும் என்பதை மறந்துவிடக் கூடாது. மணிக்கு 50 கிலோ உடைக்கும் கருவி ஒன்று, ஒரு வாரத்தில் எத்தனை ஏக்கருக்கு ஈடு கொடுக்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் கூட்டு சேர வேண்டும். யார் முதல், யார் பிறகு என்று முறை போட்டு, ஈரம் சீக்கிரம் காயும் செம்மண் நிலத்துக்காரருக்கு முதல் முறை கொடுப்பது நியாயம். இன்னொருவர் ரகத்துக்கு வைத்த இடைவெளியிலேயே தம் காயைப் போடாமல், ஒவ்வொருவரும் ஐந்து கிலோ சோதனையைச் செய்துவிட்டுத் தொடங்க வேண்டும். விதையில் ரகம் கலந்துவிடாமல் இருக்க, ஒருவர் முடித்ததும் சல்லடையைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்துதான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

பருவம் முடிந்ததும் சல்லடையில் ஒட்டிய பருப்புத் துணுக்குகளைத் துடைப்பத்தால் தட்டி எடுத்து, இரும்புப் பாகங்களில் பழைய எஞ்சின் ஆயில் தடவி, ரப்பர்த் துண்டுகளைத் தனியே கழற்றிச் சாக்கில் கட்டி வைக்க வேண்டும். ஆயில் ரப்பரில் பட்டால் அது ஊறிப் பிசுபிசுத்துப் போகும். அடுத்த பருவத்தில் முதலில் கொஞ்சம் பொக்குக் காயைப் போட்டு ஆட்டி, ஆயிலையும் துருவையும் துடைத்து எடுத்த பிறகே நல்ல காயைப் போட வேண்டும். அந்தப் பொக்கையும் ஓட்டையும் மாட்டுத் தீனியில் சேர்க்காமல் அடுப்புக்குப் போட்டுவிடலாம்.